சென்ற ஏழு நாளில் எத்தனை முட்டை?

அடுத்தவர் வீட்டு அடுக்களைக் கணக்கைக் கேட்டு எழுதுவது என் தொழில். தேசிய மாதிரி ஆய்வின் களப்பணியாளனாக வட ஆற்காடு மாவட்டத்தில் சேர்ந்தேன். பிறகு மாவட்டம் வேலூர், திருவண்ணாமலை என்று பிரிந்தது. நான் அதே ஊர்களைத்தான் சுற்றினேன். அரிசி எத்தனை கிலோ, துவரம்பருப்பு எவ்வளவு, மண்ணெண்ணெய் எத்தனை லிட்டர், பீடி எத்தனை கட்டு. அளவு ஒரு கட்டத்தில், ரூபாய் அடுத்த கட்டத்தில். முந்நூறுக்கும் மேலே பொருட்கள். அவசரப்படாமல் கேட்டால் ஒரு வீட்டுக்கு இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குள் அடுப்பில் வைத்தது பொங்கும், குழந்தை அழும், மாடு கயிற்றை அவிழ்த்துக்கொள்ளும்.

"ஏன் சார், எங்க வூட்டு மொளகாப்பொடி கணக்கு கவர்மெண்டுக்கு எதுக்கு?"

இந்தக் கேள்வி இல்லாத வீடு கிடையாது. "ஏழைங்க எத்தனை பேருன்னு கணக்கெடுக்கறாங்கம்மா" என்பேன். அது பொய்யில்லை. ஆனால் அந்த மிளகாய்ப்பொடி டெல்லியில் நிற்காமல் வாஷிங்டன் வரை போகிறது, உலகமயம் ஏழைகளைக் குறைத்ததா இல்லையா என்ற சண்டையில் அதுவும் ஒரு சாட்சி என்பதெல்லாம் எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது. விளங்கச் செய்தவர் ஆங்கஸ் டீட்டன்.

எடின்பரோவில் 1945-இல் பிறந்து, அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 2015-இல் பொருளாதார நோபல் பரிசு வாங்கினார். அதற்கு முன்பே, எங்களோடு சில கிராமங்களுக்கு வந்த ஓர் ஆராய்ச்சி மாணவரின் பையில் அவருடைய கட்டுரையின் ஜெராக்ஸ் பிரதியைப் பார்த்தேன். பொருளாதார மேதைகள் எழுதுவதில் எங்களைப் போன்றவர்களுக்கு இடமே இருக்காது. 'தரவுகளின்படி' என்று ஆரம்பிப்பார்கள், தரவு ஏதோ மரத்தில் காய்த்து விழுந்த மாதிரி. இவர் கட்டுரை முதல் பக்கத்திலிருந்தே நாங்கள் எந்தக் கேள்வியை எந்த வரிசையில், எத்தனை நாள் கணக்குக்குக் கேட்டோம் என்று விசாரித்துக்கொண்டிருந்தது. என் ஆங்கிலத்துக்கு அது ஒரு மழைக்காலம் முழுக்கப் பிடித்தது. படித்து முடித்தேன்.

எத்தனை நாள் கணக்கு என்பதுதான் இந்தத் தொழிலின் உயிர்நாடி. புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் காலத்தில், 1950-இல் தொடங்கிய ஆய்வு இது. முப்பது நாள் கணக்குக் கேட்பதா, ஒரு வாரக் கணக்குக் கேட்பதா என்ற கேள்வி அப்போதே எழுந்து, வங்காளக் கிராமங்களில் சமைப்பதை நிறுத்துப் பார்த்து, முப்பது நாளே நிஜத்துக்குப் பக்கம் என்று முடிவு செய்தார்கள். அந்த முடிவு அரை நூற்றாண்டு ஓடியது. மற்ற நாடுகளில் பெரும்பாலும் ஒரு வாரமோ இரண்டு வாரமோதான் கேட்டார்கள். முப்பது நாளில் ஜனங்கள் மறந்துவிடுவார்கள், ஆகவே இந்தியாவில் செலவு குறைவாகப் பதிவாகிறது, ஆகவே ஏழைகள் அதிகமாகத் தெரிகிறார்கள் என்று ஒரு வாதம் கிளம்பியது.

களத்தில் நின்றவனுக்கு இது இரண்டு பக்கமும் தெரியும். அரிசியை யாரும் மறப்பதில்லை. மூட்டை எப்போது வாங்கியது, எப்போது தீர்ந்தது, ரேஷனில் எத்தனை கிலோ போட்டான், எல்லாம் நாவின் நுனியில் இருக்கும். மல்லாட்டை சொந்தக் கொல்லையில் விளைந்திருந்தால்கூட எத்தனை மரக்கால் வறுத்துத் தின்றோம் என்று கிழவி சொல்லிவிடுவாள். கொத்துமல்லி, வாழைப்பழம், டீக்கடைச் செலவு, குழந்தை கையில் கொடுத்த காசு, இவைதான் முப்பது நாளில் காணாமல் போகும். மறுபக்கம், ஏழு நாள் என்று கேட்டால் போன மாதம் மாமியார் வந்தபோது அடித்த கோழி, 'இப்பத்தான் சார், போன வாரம்' என்று பறந்து வந்து வாரத்துக்குள் உட்கார்ந்துகொள்ளும். நினைவு குறைக்கவும் செய்யும், கூட்டவும் செய்யும். அந்த வீட்டு ஆண்பிள்ளை பக்கத்தில் இருந்தால் இன்னொரு சிக்கல்: அவர் ரூபாயைச் சொல்வார், அளவு அவருக்குத் தெரியாது. அளவு அந்த அம்மாவுக்குத் தெரியும், ஆனால் அவர் எதிரில் ரூபாயைச் சொல்லமாட்டார். மளிகைக் கடைக் கடன் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறவன்தான் இங்கே பிழைப்பான்.

1994 முதல் 1998 வரை நான்கு சுற்றுகளில் ஒரு சோதனை நடந்தது. சில வீடுகளில் பழைய முப்பது நாள் அட்டவணை, வேறு சில வீடுகளில் உணவுக்கு ஏழு நாள் அட்டவணை. ஏழு நாள் வீடுகளில் செலவு அதிகமாக வந்தது. எவ்வளவு அதிகம் என்றால், அதே வறுமைக்கோட்டை வைத்து எண்ணினால் ஏழைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ பாதியாகக் குறைந்துவிடும். கோடிக்கணக்கானவர்கள் ஒரு வேளைச் சோறு கூடுதலாகச் சாப்பிடாமலே, கேள்வியை மாற்றியதில் மட்டும், வறுமையிலிருந்து வெளியே வந்துவிடுவார்கள்.

பிறகு வந்ததுதான் 55-ஆவது சுற்று, 1999 ஜூலை முதல் 2000 ஜூன் வரை. 1991 பொருளாதாரச் சீர்திருத்தத்துக்குப் பிறகான இரண்டாவது பெரிய சுற்று. நாடு முழுக்க 1,20,000 குடும்பங்களுக்கு மேல். உலகமே விடைக்குக் காத்திருந்தது என்று சொன்னால் மிகையில்லை, ஏனென்றால் உலகத்து ஏழைகளில் ஒரு பெரிய பங்கினர் இங்கேதான் இருந்தார்கள். அந்தச் சுற்றில் போய் ஒரே தாளில், ஒரே வீட்டில், பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் ஏழு நாளையும் முப்பது நாளையும் இரண்டையும் கேட்கச் சொன்னார்கள். யாருடைய யோசனையோ, எனக்கு இன்றும் அது சமரசத்தில் பிறந்த பிள்ளையாகத்தான் தெரிகிறது.

என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

"சென்ற ஏழு நாள்ல எத்தனை முட்டைம்மா?"

"ரெண்டு."

"முப்பது நாள்ல?"

"அதான் சார், வாரத்துக்கு ரெண்டுன்னா மாசத்துக்கு எட்டு. நீயே போட்டுக்க."

முதல் கேள்வி இரண்டாவது பதிலை இழுத்துவிட்டது. பத்தாவது பொருளுக்குள் அந்த அம்மா நான் வாயைத் திறப்பதற்கு முன்பே நாலால் பெருக்க ஆரம்பித்துவிடுவார். சில வீடுகளில் தலைகீழாக, மாதக் கணக்கை நாலால் வகுத்து வாரக் கணக்கு வரும். அது முட்டையின் கணக்கு இல்லை, வாய்ப்பாடு. முந்தைய சோதனையில் தனித்தனி வீடுகளில் அவ்வளவு தூரம் விலகி நின்ற இரண்டு கணக்குகளும் இந்தச் சுற்றில் கிட்டத்தட்ட கைகோத்துக்கொண்டு வந்தன. மேலே பரிசீலனைக்கு உட்கார்ந்தவர்களுக்கு அது நல்ல ஒற்றுமையாகத் தெரிந்திருக்கும்.

முடிவு வெளியானபோது 1993-94-இல் 36 சதவீதமாக இருந்த வறுமை 26 சதவீதம் ஆகிவிட்டது என்று அரசு அறிவித்தது. ஆறே ஆண்டில் பத்துப் புள்ளி. சீர்திருத்தக் கட்சிக்காரர்கள் கொண்டாடினார்கள். எதிர்த் தரப்பு, எல்லாமே கேள்வித்தாள் செய்த மாயம், குறையவே இல்லை என்றது. பொருளாதார அறிஞர் அபிஜித் சென் 2000 டிசம்பரிலேயே இந்த இரட்டைக் கட்டம் புள்ளிவிவரத்தைக் கெடுத்துவிட்டது என்று கடுமையாக எழுதினார். இரண்டு தரப்புக்கும் விடை முன்கூட்டியே தெரிந்திருந்தது, கணக்குதான் தேவைப்பட்டது.

டீட்டன் அங்கேதான் வேறு மாதிரி யோசித்தார். கெட்டுப்போன கட்டங்களோடு மல்லுக்கட்டாமல், கேள்வி மாறாத பொருட்கள் எவை என்று தேடினார். விறகு, மண்ணெண்ணெய், மின்கட்டணம், சோப்பு, பஸ் கட்டணம் மாதிரியானவற்றுக்கு 1993-94-இலும் முப்பது நாள்தான், 1999-2000-இலும் முப்பது நாள்தான். பக்கத்தில் இன்னொரு கட்டம் கிடையாது. ஊர்ப் பஞ்சாயத்தில் இரண்டு பங்காளிகளையும் விட்டுவிட்டு, நிலத்தில் பங்கில்லாத பக்கத்துக் கொல்லைக்காரனைக் கூப்பிட்டு விசாரிக்கிற மாதிரி அது. பழைய சுற்றில் விளக்குக்கும் சோப்புக்கும் இவ்வளவு செலவிட்ட குடும்பம் மொத்தத்தில் ஏழையாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று கண்டுபிடித்து, அதே உறவைப் புதிய சுற்றின் விளக்கு, சோப்புக் கணக்கின் மேல் வைத்தார். கிராமத்து வறுமை அரசு சொன்ன 27.1 இல்லை, 30.2, நகரத்தில் 23.6 இல்லை, 24.7. குறைந்ததில் பெரும்பகுதி நிஜம், கொஞ்சம் கேள்வித்தாள் கொடுத்த இனாம். அந்த உறவே ஆறு வருஷத்தில் மாறியிருந்தால் என்ன செய்வது என்று சென்னும் ஹிமான்ஷுவும் 2004-இல் திருப்பிக் கேட்டார்கள். நியாயமான கேள்வி. கிராமத்தில் விறகு பொறுக்கியவர்கள் ஸ்டவ்வுக்கு மாறிக்கொண்டிருந்ததை நானும் பார்த்தேன். வலேரி கோசெலோடு சேர்ந்து டீட்டன் 2005-இல் தொகுத்த புத்தகத்தில் எதிர்த்தரப்புக்காரர்களும் எழுதியிருக்கிறார்கள்.

இதிலேயே துணிக் கணக்கு ஒரு கிளைக்கதை. எங்கள் பக்கம் ஏழைக் குடும்பத்தில் துணி என்றால் தீபாவளிக்கு. கொஞ்சம் வசதியானால் பொங்கலுக்கும். ஆகஸ்டில் போய் 'கடந்த முப்பது நாளில் துணி?' என்று கேட்டால் பூஜ்யம்தான் வரும். 55-ஆவது சுற்றில் துணிக்கும் செருப்புக்கும் படிப்புச் செலவுக்கும் 365 நாளை மட்டும் கேட்டோம். உடனே எல்லா ஏழை வீட்டிலும் வருஷத்துக்கு ஒரு புடவை, பிள்ளைகளுக்கு ஒரு செட் என்று ஏதாவது ஒன்று கட்டத்தில் ஏறியது. அடித்தட்டுக் குடும்பங்களின் செலவு இதனாலேயே கொஞ்சம் உயர்ந்து தெரியும். இந்த மாற்றம் எனக்குப் பிடித்தது. கேட்கவும் சுகம், புடவை நிறத்தோடு சொல்வார்கள்.

ஆனால் டீட்டனின் வேலையில் எங்கள் மாவட்டத்துக்காரன் எவனும் சட்டென்று புரிந்துகொள்ளக்கூடியது விலைக் கணக்குதான். காட்பாடியிலிருந்து சித்தூர்ச் சாலையில் கொஞ்ச தூரம் போனால் கிறிஸ்டியான்பேட்டை. அதைத் தாண்டினால் ஆந்திரா. எல்லையோரச் சந்தையில் இரண்டு மாநிலத்துக்காரர்களும் ஒரே குவியலிலிருந்து புளியும் மிளகாயும் வாங்குகிறார்கள். பலமனேர்த் தக்காளிக்கு எல்லை தெரியாது. ஆனால் 1999-2000-இல் திட்டக் குழுவின் வறுமைக்கோடு, கிராமத்தில் தலைக்கு மாதம் தமிழ்நாட்டுக்கு 307 ரூபாய் 64 காசு, ஆந்திரத்துக்கு 262 ரூபாய் 94 காசு. தலைக்கு முந்நூறு ரூபாய் செலவிடும் குடும்பம் சாலையின் இந்தப் பக்கம் ஏழை, அந்தப் பக்கம் ஏழை இல்லை. அதே ஆந்திரத்தின் நகரக் கோடோ 457 ரூபாய் 40 காசு. ஊரிலிருந்து டவுனுக்குக் குடிபோனால் விலைவாசி எழுபது சதவீதத்துக்கு மேல் ஏறிவிடும் என்று அர்த்தம். சித்தூர்க்காரரிடம் சொன்னால் சிரிப்பார். இதன் பலனாக ஆந்திரக் கிராமங்களில் வறுமை 11 சதவீதம், தமிழ்நாட்டுக் கிராமங்களில் 20-க்கு மேல் என்று அச்சாகியிருந்தது. இது வெறும் காகிதச் சண்டை இல்லை. மத்தியத் தொகுப்பிலிருந்து வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஒதுக்கும் தானியம் இந்த மாதிரி மாநிலவாரி மதிப்பீட்டை வைத்துத்தான் பிரிக்கப்பட்டது.

கோடு எப்படி இப்படிக் கோணியது? எப்போதோ போட்ட அடிப்படையை, பழைய எடைகளைக் கொண்ட விலைக் குறியீட்டெண்ணால் வருஷா வருஷம் இழுத்துக்கொண்டே வந்தார்கள். சிறு பிசகு இருபது வருஷத்தில் பெரிதாகிவிட்டது. டீட்டன் கேட்டது எளிமையான கேள்வி: இந்த ஆய்வுக்காரர்கள் வீடு வீடாக அளவையும் ரூபாயையும் எழுதுகிறார்களே, ரூபாயை அளவால் வகுத்தால் அந்த ஊர் விலை வந்துவிடாதா? நாங்கள் அளவுக் கட்டத்தை நிரப்பப் பட்ட பாட்டுக்கு இப்படி ஓர் உபயோகம் இருக்கும் என்று பயிற்சி வகுப்பில் யாரும் சொல்லவில்லை. சிக்கல் இல்லாமல் இல்லை. ஒரு வீட்டில் பொன்னி அரிசி, பக்கத்து வீட்டில் மோட்டா ரகம். வகுத்து வருவது விலை மட்டுமில்லை, தரமும் சேர்ந்தது. ஒரே கிராமத்தில் எல்லா வீட்டுக்கும் ஒரே கடை, ஒரே விலை. அப்படியும் வீட்டுக்கு வீடு விடை மாறினால் அந்த வித்தியாசம் தரத்தினுடையது என்று பிரித்தெடுக்கும் வழியை அவர் 1988-இலேயே எழுதிவிட்டார். இந்திய விலைகளுக்கு அதைக் கணக்கிட்டதில், கிராமத்துக்கும் நகரத்துக்கும் வித்தியாசம் சராசரியாகச் சுமார் பதினைந்து சதவீதம்தான் என்று வந்தது.

2009-இல், வறுமைக் கணக்கு முறையை ஆராய்ந்த சுரேஷ் டெண்டுல்கர் குழு அறிக்கை கொடுத்தது. விலைக் குறியீட்டெண்ணைத் தள்ளிவைத்து, எங்கள் அட்டவணையிலிருந்து வகுத்தெடுத்த விலைகளையே பெரும்பாலும் நம்பியது. 2004-05-க்கு ஆந்திரக் கிராமக் கோடு பழைய முறையில் 292 ரூபாய் 95 காசு, தமிழ்நாட்டுக்கு 351 ரூபாய் 86 காசு. குழு திருத்திய பிறகு 433 ரூபாய் 43 காசு, 441 ரூபாய் 69 காசு. ஐம்பத்தொன்பது ரூபாய் இடைவெளி எட்டு ரூபாயாகிவிட்டது. ஆந்திரக் கிராமத்து வறுமை 11.2 சதவீதத்திலிருந்து 32.3 ஆயிற்று. ஓர் ஆராய்ச்சியாளரின் தாக்கத்தை, அவர் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணித்தான் பல்கலைக்கழகங்களில் அளக்கிறார்களாம். நான் இந்த மூன்று வரிக் கணக்கைத்தான் காட்டுவேன். டீட்டன் ஒருவரால் மட்டும் நடந்தது என்று சொல்ல மாட்டேன்; டெண்டுல்கரும் பொருளாதார அறிஞர் சுந்தரமும் தங்கள் பாட்டுக்குப் பல வருஷம் இதே தரவுகளைக் குடைந்தவர்கள். ஆனால் வழியை வெட்டியவர் யார் என்பதில் சந்தேகமில்லை.

இன்னொரு சண்டையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாட்டு வருமானக் கணக்கில் வரும் நுகர்வு வேகமாக வளர்கிறது, எங்கள் ஆய்வில் வருவது மெதுவாக. ஆய்வே தப்பு, வறுமை எப்போதோ ஒழிந்துவிட்டது என்று பொருளாதார அறிஞர் சுர்ஜித் பல்லா மாதிரி சிலர் எழுதினார்கள். பணக்காரர் வீடுகளை ஆய்வுகள் தவறவிடுகின்றன, அதோடு வருமானக் கணக்கிலும் ஓட்டைகள் உண்டு, ஆகவே ஒன்றை வைத்து மற்றதை ஊதிப் பெருக்க முடியாது என்று டீட்டன் 2005-இல் பல நாடுகளின் புள்ளிவிவரத்தோடு காட்டினார். வேலூர் டவுனில் பெரிய இரும்புக் கேட்டுகளின் முன்னால் நின்றவனுக்கு இதில் ஆச்சரியம் எதுவுமில்லை. கூரை வீட்டில் பாய் விரித்து உட்காரச் சொல்லி மோர் கொடுத்து இரண்டு மணி நேரம் பதில் சொல்வார்கள். பங்களாவில் வாட்ச்மேன்தான் பதில்: "ஐயா ஊர்ல இல்ல."

2009-இல் பொருளாதார அறிஞர் ழான் ட்ரெஸும் டீட்டனும் எழுதியது என்னைத் தூங்கவிடாமல் செய்த கட்டுரை. கிராமத்தில் தலைக்கு ஒரு நாள் கலோரி 1983-இல் சுமார் 2,240, 2004-05-இல் 2,047. கையில் காசு கூடியிருக்கிறது, சாப்பாடு குறைந்திருக்கிறது. உடலுழைப்பு குறைந்ததும் நோய் நொடி குறைந்ததும் காரணமாக இருக்கலாம் என்றார்கள், உறுதியாகச் சொல்லவில்லை; அதேநேரம் குழந்தைகளின் எடையும் உயரமும் உலகத்திலேயே மோசமானவற்றில் சேர்ந்தவை என்பதையும் மறைக்கவில்லை. ஏற்றம் இறைத்தவர்கள் பம்புசெட்டுக்கு வந்ததையும், உரலும் அம்மியும் தோட்டத்துப் பக்கம் தள்ளப்பட்டதையும் அதே வீடுகளில் பார்த்திருக்கிறேன். உரல் குத்தும் கைக்கு வேண்டிய சோறு, கிரைண்டர் சுவிட்சைத் தட்டும் கைக்கு எதற்கு என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அட்டவணையில் 'எவ்வளவு நேரம் குத்தினீர்கள்' என்று கட்டம் இல்லையே.

கட்டங்கள் மாறத்தான் செய்தன. 2009-10, 2011-12 சுற்றுகளில் ஒரு பகுதி வீடுகளுக்கு அரிசி, பருப்பு, பால், சர்க்கரைக்கு முப்பது நாள். எண்ணெய், முட்டை, மீன், கறி, காய், பழம், வெற்றிலை, பீடிக்கு ஏழு நாள். துணிமணிக்கு ஒரு வருஷம் என்று பிரித்துக் கேட்டோம். ஒரு பொருளுக்கு ஒரே கேள்வி, பக்கத்தில் இன்னொரு கட்டம் கிடையாது. உலக வங்கி, 2011-12-க்கு ஒரு நாளைக்கு 1.90 டாலர் கோட்டில் பழைய முறைப்படி 21.2 சதவீதம் என்றிருந்த இந்திய வறுமை, இந்த முறைக்கு மாறினால் 12.4 ஆகும் என்று கணக்கிட்டது. 2022-23 ஆய்வில் டேப்லெட்டோடு போனார்கள்; கேள்விகளை மூன்றாகப் பிரித்து, ஒரே வீட்டுக்கு மூன்று மாதம் மூன்று தடவை. மோர் மூன்று தடவை கிடைத்திருக்கும். ஆனால் இதன் விடையை 2011-12-இன் பழைய விடையோடு நேராக வைத்துப் பேசுகிறவர்களைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது, 55-ஆவது சுற்றுக்குப் பிறகு நடந்த இவ்வளவு சண்டையும் இவர்கள் காதில் விழவே இல்லையா என்று கேட்கத் தோன்றுகிறது.

2024-இல் டீட்டன், பன்னாட்டு நாணய நிதியத்தின் இதழில், தன் பழைய கருத்துகளில் எவற்றை மாற்றிக்கொண்டேன் என்று ஒரு சிறு கட்டுரை எழுதினார். கடந்த முப்பதாண்டில் உலக வறுமை குறைந்ததற்கு உலகமயமே காரணம் என்ற கூற்றில் தனக்கு இப்போது சந்தேகம் உண்டு, இந்தியாவில் வறுமை குறைந்ததற்கும் உலக வர்த்தகத்துக்கும் பெரிய தொடர்பில்லை என்றார். நாடு மொத்தத்துக்கு அவர் சொல்வது சரியாக இருக்கலாம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வீடுகளில் உட்கார்ந்து எழுதியவனால் அப்படியே தலையாட்ட முடியவில்லை. ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் போகிற செருப்பின் மேல்தோலைத் தைத்துவிட்டு வந்த பெண்கள், சம்பளம் வாங்கிய வாரத்தில் முட்டைக் கட்டத்தில் சொன்ன எண்ணை நான்தான் எழுதினேன். அதே தோலின் கழிவு பாலாற்றுக்குச் செய்ததை அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குடிதண்ணீர் கேன் வாங்கும் செலவாக அதுவும் அட்டவணையில் ஏறியது, செலவு கூடினால் வறுமை குறைந்ததாகத்தான் கணக்கு.

இதை டீட்டனுக்கு எடுத்துக்காட்ட வேண்டுமானால் தரவு வேண்டும். குடும்பத்தின் முக்கியத் தொழிலுக்குக் குறியீட்டெண் போடும் இடம் அட்டவணையின் முன்பக்கத்திலேயே இருக்கிறது. செருப்புத் தயாரிப்பு என்று நானே பலமுறை போட்டிருக்கிறேன். தைத்த செருப்பு உள்ளூர்ச் சந்தைக்கா, கப்பலுக்கா என்று கேட்க மட்டும் ஒரு கட்டம் இல்லை. கேட்டால் ஒரு நிமிஷம்கூட ஆகாது. எந்தத் தேசத்துக்குப் போகிற செருப்பு என்று அந்தப் பெண்களுக்கு நன்றாகவே தெரியும். பெட்டி மேல் தேசத்தின் பெயரை ஒட்டுகிறவர்களே அவர்கள்தான்.